பழைய கமர்ஷியல் ரிப்பீட்டரை 2 மீட்டர் ஹாம் பேண்டுக்கு மாற்றலாமா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஒரு சின்ன ஹாம் (அமெச்சூர் ரேடியோ) கிளப்பில் இருக்கிறீர்கள். ஊர்த் தீயணைப்புத் துறை கழித்துவிட்ட ஜி.இ. (ஜெனரல் எலக்ட்ரிக்) மாஸ்டர் 2 விஎச்எஃப் ரிப்பீட்டர் (ஒரு அதிர்வெண்ணில் கேட்பதை அதே நேரத்தில் இன்னொன்றில் திருப்பி அனுப்பும் கருவி) ஒன்று, அதனோடு இருந்த சின்ன டூப்ளெக்ஸரும் (அனுப்புவதும் கேட்பதும் ஒரே ஆன்டெனாவில் நடக்க உதவும் ஃபில்டர் பெட்டி) சேர்த்து, இலவசமாக வருகிறது. அதை 2 மீட்டர் பேண்டுக்கு (அமெரிக்காவில் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ்) மாற்றிப் பயன்படுத்தலாமா, இல்லை கிளப் பணத்தைப் போட்டுப் புதிதாக வாங்கிவிடலாமா?

தாராளமாக மாற்றலாம், பெட்டியை விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே வரும் டூப்ளெக்ஸரை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். அதிர்வெண்ணை மாற்றுவது இந்த வேலையில் சுலபமான பாதி. அதே ஆன்டெனாவில் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி உங்கள் டிரான்ஸ்மிட்டர் கத்திக்கொண்டிருக்கும்போது ரிசீவர் காது கேட்க வேண்டுமே, பணமும் உழைப்பும் போவது அங்கேதான். கிளப்பிடம் இருக்கும் காசை டூப்ளெக்ஸருக்கும் கேபிளுக்கும் ஒதுக்கி வையுங்கள் என்பதுதான் என் பதிலின் சாரம். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

முதலில், இந்தப் பெட்டிகள் ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கின்றன? அமெரிக்காவின் அலைவரிசை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி., 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸிலும் 421 முதல் 470 மெகாஹெர்ட்ஸிலும் இயங்கும் போலீஸ், தீயணைப்பு, டாக்ஸி, தொழிற்சாலை ரேடியோக்கள் எல்லாம் 2013 ஜனவரி 1-க்குள் 25 கிலோஹெர்ட்ஸ் சேனலிலிருந்து 12.5 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருங்க வேண்டும் என்று கெடு வைத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவிகள்கூடச் சட்டப்படி செல்லாதவை ஆயின. ஹாம்களுக்கு அந்த விதி கிடையாது. 5 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன் (குரலுக்கேற்ப அதிர்வெண் விலகும் அளவு) உள்ள அகலச் சேனல்தான் 2 மீட்டர் எஃப்எம்-இல் இன்றும் வழக்கம். அவர்களுக்கு ஆகாமல் போனது நமக்கு அப்படியே பொருந்துகிறது.

மாஸ்டர் 2 வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் ஜி.இ. தயாரித்த வரிசை. 1970-களின் வடிவமைப்பு. இவ்வளவு வயதான பொருளை மலை உச்சியில் வைப்பதா என்ற தயக்கம் நியாயமானதுதான். ஆனால் ரிப்பீட்டர் வேலைக்கு வேண்டிய இரண்டு குணங்கள் இதில் இருக்கின்றன. ரிசீவரின் முகப்பில் ஹெலிகல் ரெசனேட்டர்கள் (சுருள் வடிவ ஃபில்டர்கள்) வரிசையாக நிற்கின்றன, பக்கத்து அலைகள் உள்ளே வர நன்றாகவே சிரமப்பட வேண்டும். டிரான்ஸ்மிட்டர் தன் அதிர்வெண்ணை ஒரு கிரிஸ்டலிலிருந்து பெருக்கி எடுப்பதால் இரைச்சல் குறைவு. மலிவான புது சிந்தஸைசர் ரேடியோ (கிரிஸ்டலை மாற்றாமல் மின்னணு முறையில் அதிர்வெண்ணை அமைப்பது) இரண்டை முதுகோடு முதுகாகக் கட்டி ரிப்பீட்டர் செய்பவர்கள் தடுமாறுவது இந்த இரண்டு இடங்களில்தான்.

வாங்கியதும் பார்க்க வேண்டியது அது எந்த ஸ்ப்ளிட், அதாவது எந்த அதிர்வெண் வரம்புக்குச் செய்தது என்பது. விஎச்எஃப் மாஸ்டர் 2-இல் 138 முதல் 155 வரை ஒன்று, 150.8 முதல் 174 வரை இன்னொன்று. முதலாவது கிடைத்தால் அதிர்ஷ்டம்: 2 மீட்டர் அதன் எல்லைக்குள்ளேயே இருக்கிறது, கிரிஸ்டலை மாற்றி டியூன் செய்தால் போதும். தீயணைப்புத் துறையிலிருந்து வருவது பெரும்பாலும் இரண்டாவது ரகமாக இருக்கும். அதையும் 146-147 பக்கம் இறக்கலாம். ஆனால் டியூனிங் திருகுகள் எல்லைக்கு வந்து நிற்கும், சில சுற்றுகளில் சிறு கெபாசிட்டர் சேர்க்க வேண்டியிருக்கும். திருகு கடைசிவரை போன பிறகும் மீட்டர் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தால், அந்தச் சுற்று உச்சத்தைத் தொடவில்லை என்று அர்த்தம். "பரவாயில்லை, வேலை செய்கிறதே" என்று அதை மூடிவிடாதீர்கள். உச்சத்தில் நிற்காத சுற்று குளிர்காலத்தில் ஒரு மாதிரியும் வெயிலில் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. இது உண்மையான ஸ்டேஷனா, கார் மாடலா? கார் மாடலில் பேசும்போது ரிசீவர் அடங்கிவிடும்படி வயரிங் இருக்கும், ஆன்டெனா ரிலே ஒன்றும் இருக்கும். இரண்டையும் பிரித்து, ரிசீவருக்கு எப்போதும் மின்சாரம் போகும்படி செய்து, டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் தனித்தனி கோஆக்ஸ் இழுக்க வேண்டும். அதைவிட முக்கியம், கார் மாடலின் பவர் ஆம்ப்ளிஃபயர் கொஞ்சம் பேசி நிறையக் கேட்கும் ஆளுக்காகச் செய்தது. ரிப்பீட்டரோ மாலை நேர நெட்டில் (பலர் கூடிப் பேசும் நேரத்தில்) தொடர்ந்து ஓடும். பாதிப் பவருக்குக் குறைத்து, ஒரு விசிறியும் வைத்தால் பல வருடம் வரும். பழைய பவர் டிரான்சிஸ்டர்களின் வெள்ளைப் பீங்கான் உடலில் பெரில்லியம் ஆக்சைடு இருக்கலாம். உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். பவர் சப்ளையின் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்காமல் முதலிலேயே மாற்றிவிடுவது நல்லது.

இப்போது கிரிஸ்டல். மாஸ்டர் 2-இல் கிரிஸ்டல் தனியாக இருக்காது. ஐகாம் என்று ஜி.இ. அழைத்த சிறு மாட்யூலுக்குள் ஆசிலேட்டரோடு சேர்ந்து இருக்கும். (ஜப்பான் ஐகாம் நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 5சி என்று குறித்தது 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு), 2சி என்று குறித்தது 2 பிபிஎம் துல்லியம். 146.94 மெகாஹெர்ட்ஸில் 5 பிபிஎம் என்றால் 735 ஹெர்ட்ஸ்வரை விலகலாம், 2 பிபிஎம் என்றால் 300 ஹெர்ட்ஸுக்குள் நிற்கும். சூடேற்றாத மலைக் குடிலில் வைப்பதாக இருந்தால் 2சி தேடுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். வெளியே 146.94, உள்ளே 146.34 என்ற ஜோடியை எடுத்துக்கொள்ளலாம், அமெரிக்க ஹாம்களுக்குப் பழகிய ஜோடி. டிரான்ஸ்மிட்டர் கிரிஸ்டலை 12 மடங்கு பெருக்குகிறது: 146.94-ஐ 12-ஆல் வகுத்தால் 12.245 மெகாஹெர்ட்ஸ். ரிசீவரின் ஐஎஃப் (உள்ளே இறக்கும் இடைநிலை அதிர்வெண்) 11.2 மெகாஹெர்ட்ஸ், அங்கே பெருக்கம் 9 மடங்கு: 146.34-இல் 11.2-ஐக் கழித்து 9-ஆல் வகுத்தால் 15.015556 மெகாஹெர்ட்ஸ். ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் யூனிட்டுக்கு உரிய எல்.பி.ஐ. மேனுவலில் (ஜி.இ. வெளியிட்ட சர்வீஸ் கையேட்டில்) இருக்கும் சூத்திரத்தோடு இதை ஒத்துப் பாருங்கள். ஒரு தடவை வெட்டிய கிரிஸ்டலைத் திருப்பி எடுத்துக்கொள்ள யாரும் இல்லை. ஐகாமையே கிரிஸ்டல் கம்பெனிக்கு அனுப்பி, அவர்களே கிரிஸ்டலைப் பொருத்தி வெப்பத்துக்கு ஈடுசெய்து தருவதுதான் முறை. வெறும் கிரிஸ்டலை வாங்கி நாமே சால்டர் செய்தால் மாட்யூலில் எழுதியிருக்கும் 2 பிபிஎம் செல்லாது. ஹாம்கள் பல பத்தாண்டுகள் நம்பியிருந்த ஓக்லஹோமா சிட்டியின் இன்டர்நேஷனல் கிரிஸ்டல் 2017-இல் மூடிவிட்டது. அதன் பிறகு நிறையப் பேர் ஐகாமின் இடத்தில் உட்காரும் புரோகிராம் செய்யக்கூடிய ஆசிலேட்டர் போர்டுகளுக்குப் போய்விட்டார்கள். ரிசீவர் பக்கம் அது பரவாயில்லை. டிரான்ஸ்மிட்டர் பக்கம் போடுவதற்கு முன் அதன் ஃபேஸ் நாய்ஸ், அதாவது சிக்னலைச் சுற்றிப் பரவும் இரைச்சல், எவ்வளவு என்று கேளுங்கள். காரணம் அடுத்த பத்தியில்.

உங்கள் டிரான்ஸ்மிட்டர் 50 வாட் என்று வைத்துக்கொள்வோம். அது 47 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபல் அளவு). நல்ல ரிசீவர் 0.25 மைக்ரோவோல்ட் சிக்னலைப் புரியும்படி எடுத்துத் தரும், அது மைனஸ் 119 டிபிஎம். இடைவெளி 166 டெசிபல், சுமார் 400 கோடி கோடி மடங்கு. இரண்டும் ஒரே ஆன்டெனாவில், ஒரே நேரத்தில். இதில் இரண்டு தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன, பலர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவது, 146.94-இல் உங்கள் டிரான்ஸ்மிட்டர் விடும் பெரிய கேரியர் (அதன் மூல சிக்னல்) ரிசீவரை அமுக்குவது. டூப்ளெக்ஸரின் ரிசீவர் பக்கக் கேவிட்டிகள் (உள்ளே இருக்கும் ஃபில்டர் அறைகள்) அதைத் தடுத்துவிடும். இரண்டாவது, டிரான்ஸ்மிட்டர் தன் கேரியருக்கு இரண்டு பக்கமும் பரப்பும் இரைச்சல். அதில் ஒரு துளி சரியாக 146.34 மேலேயே விழுகிறது. உங்கள் ரிசீவர் கேட்க விரும்பும் அதிர்வெண்ணே அது என்பதால் ரிசீவர் பக்கம் என்ன ஃபில்டர் வைத்தாலும் அதை நீக்க முடியாது. டிரான்ஸ்மிட்டரை விட்டு வெளியேறும் முன்பே வடிகட்டியாக வேண்டும்.

எவ்வளவு வடிகட்ட வேண்டும்? 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, ரிசீவரின் அகலத்துக்குள் விழும் இரைச்சல் கேரியரைவிட 85 டெசிபல் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அது மைனஸ் 38 டிபிஎம். 15 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இயற்கையான வெப்ப இரைச்சல் மைனஸ் 132 டிபிஎம். அதுவரை கொண்டுபோக 94 டெசிபல் வேண்டும். 2 மீட்டருக்கான நல்ல ஆறு கேன் (கேவிட்டி) டூப்ளெக்ஸரின் விவரத்தாளில் 90, 100 டெசிபல் என்றெல்லாம் இருப்பதன் காரணம் இதுதான். கேரியரைச் சுற்றி இரைச்சல் கூடுதலாக உள்ள ஆசிலேட்டரைப் போட்டீர்களானால், அந்தக் கூடுதலை டூப்ளெக்ஸர்தான் சுமக்க வேண்டும்.

உங்களுக்கு இலவசமாக வரும் டூப்ளெக்ஸர், தடித்த புத்தகம் போன்ற, தட்டையான, ஆறு திருகு நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி என்று நினைக்கிறேன். அது நாட்ச் வகை, குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணை மட்டும் தடுப்பது. உள்ளே வருவதும் வெளியே போவதும் சுமார் 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் கமர்ஷியல் ஜோடிகளுக்கு அது அருமையாக வேலை செய்யும். 600 கிலோஹெர்ட்ஸுக்கு நெருக்கினால் தடுக்க வேண்டியதோடு சேர்த்து விட வேண்டியதையும் விழுங்கிவிடும். எவ்வளவு பொறுமையாகத் திருகினாலும் ஆகாது, அதன் கேவிட்டிகளுக்கு அந்த அளவு க்யூ (கூர்மையாகப் பிரிக்கும் திறன்) கிடையாது. உங்களுக்கு வேண்டியது பேண்ட்பாஸும் (வேண்டியதை விடுவது) பேண்ட்ரிஜெக்ட்டும் (வேண்டாததைத் தடுப்பது) சேர்ந்த பெரிய கேன்கள். 146 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளமே 51 சென்டிமீட்டர், அதனால் கேன்கள் இடுப்பளவுக்கு உயர்ந்து நிற்கும். நடுவில் இருக்கும் டியூனிங் கம்பி வெப்பத்தில் நீளாத இன்வார் உலோகம். பழையதாக வாங்கினாலும் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். எங்காவது நசுங்கி இருந்தால் வாங்காதீர்கள். 1.5 டெசிபல் அளவு இழப்பு இருக்கும், 50 வாட் போட்டால் ஆன்டெனாப் பக்கம் 35 வாட் சொச்சம் வரும். அது இந்த வேலைக்கான நியாயமான விலை.

டியூன் செய்யக் கையடக்க நானோ-விஎன்ஏ (ஃபில்டர், ஆன்டெனா அளக்கும் கருவி) இருந்தால் ஆகுமா என்றால், பாதி ஆகும். அதன் அளக்கும் எல்லை விஎச்எஃப்-இல் சுமார் 70 டெசிபல். முழு டூப்ளெக்ஸரின் 90-ஐ அது காட்டாது, தன் சொந்த இரைச்சலைத்தான் காட்டும். ஆகவே ஒவ்வொரு கேனையும் தனித்தனியாகக் கழற்றி டியூன் செய்து, பிறகு சேர்த்து மாட்டுங்கள். கேன்களுக்கு நடுவே இருக்கும் கேபிள் துண்டுகளின் நீளம் கணக்குப் போட்டு வெட்டியது, நீங்களாக வேறு நீளத்தில் செய்யாதீர்கள்.

கேபிள் விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரிப்பீட்டர் பெட்டிக்குள் ஆர்.ஜி-214, ஆர்.ஜி-400 போன்ற இரட்டைக் கவசக் கோஆக்ஸ் மட்டும். ஆன்டெனாவுக்குப் போவதற்கு ஹீலியாக்ஸ், அதாவது நெளிவுத் தாமிரக் குழாயே கவசமாக உள்ள கோஆக்ஸ். எல்.எம்.ஆர்-400 வீட்டு ஸ்டேஷனில் நல்ல கேபிள்தான், ஆனால் அதன் அலுமினியத் தகடும் அதன் மேல் பின்னிய தாமிரக் கம்பியும் ஒன்றோடொன்று உரசி, ஒரே கேபிளில் அனுப்பவும் கேட்கவும் செய்யும்போது இரைச்சலை உண்டாக்கும். கனெக்டர்கள் எல்லாம் என் டைப். அடாப்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி ஒப்பேற்றுவது வேண்டவே வேண்டாம்.

எல்லாம் பூட்டிய பிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது ரிசீவர் மந்தமாவதை ஹாம்கள் டீசென்ஸ் என்பார்கள், அதை அளக்கும் சோதனை. டூப்ளெக்ஸரின் ஆன்டெனா வாயில் முதலில் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் பவரை வெப்பமாக விழுங்கும் சுமை). நடுவில் ஒரு ஐசோ-டீ, அதாவது பக்கவாட்டு ஊசியை வெட்டி, நேரடித் தொடர்பு இல்லாமல் மெலிதாக மட்டும் சிக்னல் இறங்கும்படி செய்த டீ கனெக்டர். அதன் வழியாக சிக்னல் ஜெனரேட்டரில் 146.34-ஐக் கொடுத்து, ரிசீவரின் ஸ்பீக்கரில் டோனுக்குப் பின்னால் இரைச்சல் நன்றாகக் கேட்கும்வரை குறையுங்கள். இப்போது டிரான்ஸ்மிட்டரைக் கையால் ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கரில் எந்த மாற்றமும் இல்லையென்றால் வேலை முடிந்தது. இரைச்சல் ஏறினால், பழைய நிலைக்கு வரும்வரை ஜெனரேட்டரை உயர்த்துங்கள். எத்தனை டெசிபல் உயர்த்தினீர்களோ அதுதான் உங்கள் டீசென்ஸ். ஒரு டெசிபலுக்குள் என்றால் யாருக்கும் தெரியாது. 6 டெசிபல் என்றால், ஓரத்திலிருந்து கைக்கருவியில் அழைக்கும் ஆட்களை நீங்கள் இழக்கிறீர்கள்.

டம்மி லோடில் சுத்தமாக இருந்து, ஆன்டெனாவை மாட்டியதும் டீசென்ஸ் வருகிறதா? டூப்ளெக்ஸரைத் தொடாதீர்கள். கோளாறு மேலே இருக்கிறது: ஆன்டெனா, இடிதாங்கி, தண்ணீர் இறங்கிய கனெக்டர், கோபுரத்தில் துருப்பிடித்த போல்ட், இவற்றில் ஒன்று. காற்று அடிக்கும்போது மட்டும் கரகரவென்று வந்தால் ஏதோ ஒன்று தளர்ந்து ஆடுகிறது. டம்மி லோடிலேயே வந்தால் டூப்ளெக்ஸரின் டியூனிங்கையோ பெட்டிக்குள் கசியும் கேபிளையோ பாருங்கள். இந்த வரிசையிலேயே தேடிப் போனால் ஒரு மாலையில் கண்டுபிடிக்கலாம். தோன்றியபடி திருகினால் சரியாக இருந்ததும் கலைந்துபோகும். வேறு டிரான்ஸ்மிட்டர்களும் இருக்கும் கோபுரம் என்றால் பவர் ஆம்ப்ளிஃபயருக்கும் டூப்ளெக்ஸருக்கும் நடுவே ஒரு ஐசொலேட்டர் (பவரை ஒரே திசையில் மட்டும் விடுவது) வையுங்கள், அதற்குப் பின்னால் ஒரு லோ-பாஸ் ஃபில்டர்.

ஆடியோ பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பீக்கர் வயரிலிருந்து ஆடியோ எடுக்காதீர்கள். மாஸ்டர் 2-இல் 'வால்/எஸ்க்யூ ஹை' என்று குறித்த புள்ளியில் டிஸ்கிரிமினேட்டர் ஆடியோ (எஃப்எம்-இலிருந்து பிரித்தெடுத்த மூல ஆடியோ) கிடைக்கிறது. அங்கிருந்து எடுத்து, ரிப்பீட்டரை இயக்கும் கன்ட்ரோலர் போர்டுக்குக் கொடுங்கள். அது டீ-எம்ஃபசிஸ் (அனுப்பும்போது ப்ரீ-எம்ஃபசிஸ் கூட்டிய உச்ச ஒலிகளை மீண்டும் குறைப்பது) செய்யாத ஆடியோ என்பதை மறக்க வேண்டாம். ஒரு பக்கம் தட்டையாக எடுத்து, மறுபக்கம் ப்ரீ-எம்ஃபசிஸ் உள்ள மைக் வழியில் விட்டால் குரல் தகர டப்பாவில் பேசுவதுபோல் வரும். 1 கிலோஹெர்ட்ஸ் டோனை 3 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனில் உள்ளே விட்டால் வெளியேயும் 3 வர வேண்டும், 400 ஹெர்ட்ஸிலும் 2,500 ஹெர்ட்ஸிலும் அதே அளவு. ஜி.இ. மேனுவலில் 'சேனல் கார்டு' என்றும் மோட்டரோலா மேனுவலில் 'பி.எல்.' என்றும் இருப்பது எல்லாம் சிடிசிஎஸ்எஸ் டோன்தான், அதாவது ரிசீவரைத் திறக்கக் குரலோடு சேர்ந்து போகும் தாழ்ந்த டோன். கன்ட்ரோலர் எதுவாக இருந்தாலும் சரி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை அழைப்புக்குறி போக வேண்டும், டைம்-அவுட் டைமர் இருக்க வேண்டும்.

புதிது வாங்கலாமா என்று கேட்டீர்கள். இடைப்பட்ட வழியும் இருக்கிறது: சிந்தஸைசர் உள்ள பழைய கமர்ஷியல் கருவி. மோட்டரோலா குவான்டார் விஎச்எஃப்-இல் 132 முதல் 154 வரையான ரகம் கிடைத்தால் கிரிஸ்டல் தொல்லையே இல்லை, பி25 என்ற டிஜிட்டல் குரல் முறையும் வரும். ஆனாலும் ரிசீவர் முகப்பின் ப்ரீசெலக்டர் ஃபில்டரைக் கையால் டியூன் செய்தாக வேண்டும். அதிர்வெண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு முடிந்தது என்று விட்டால் காது பாதி அடைத்துதான் இருக்கும். 2013-க்குப் பிறகு வந்த கருவிகளில் இன்னொரு சங்கடம்: அமெரிக்காவில் விற்கும் சிலவற்றின் மென்பொருள், தனி அனுமதி வாங்காமல் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்தைத் திறக்காது. குறுகிய சேனலில் விட்டால் ஹாம்களின் குரல் உச்சத்தில் உடையும். விலை, கையில் இருக்கும் அளவுக் கருவிகள் எல்லாம் பார்த்தால் உங்கள் கிளப்புக்கு மாஸ்டர் 2 போதும் என்பதே என் கருத்து.

இதுவே யுஎச்எஃப் பெட்டியாக இருந்திருந்தால் பாதிப் பதில் தேவைப்பட்டிருக்காது. 70 சென்டிமீட்டரில் அமெரிக்க வழக்கம் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. 450-470-க்குச் செய்த சின்ன டூப்ளெக்ஸரையே 440-க்கு மேல் இறக்கிப் பயன்படுத்தலாம். அங்கே ஹாம்கள் இரண்டாம் நிலைப் பயனாளிகள் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். 2007-இல் கலிபோர்னியாவின் பீல், மாசசூசெட்ஸின் கேப் காட் ராணுவ ராடார்களுக்கு இடைஞ்சல் என்று அந்தச் சுற்றுவட்டார ரிப்பீட்டர்களைப் பவர் குறைக்கச் சொன்னார்கள்.

கிரிஸ்டலுக்குப் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பகுதியில் ரிப்பீட்டர் அதிர்வெண்களைப் பங்கிடும் ஒருங்கிணைப்பாளரிடம் ஜோடியை உறுதி செய்யுங்கள். 2 மீட்டரில் எங்கு வேண்டுமானாலும் ரிப்பீட்டர் வைக்க முடியாது, 144.0-144.5-உம் 145.5-146.0-உம் விதிப்படி விலக்கு. ஒருங்கிணைத்த ரிப்பீட்டருக்கும் ஒருங்கிணைக்காததற்கும் மோதல் வந்தால், சரிசெய்யும் பொறுப்பு முதலில் ஒருங்கிணைக்காதவர் தலையில்தான் விழும் என்று எஃப்.சி.சி. விதி சொல்கிறது. இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே 2 மீட்டர் என்பது 144 முதல் 146 வரைதான், மேலே நான் போட்ட 146.94 கணக்கு செல்லாது. ரிப்பீட்டருக்கு டபிள்யூ.பி.சி. (மத்திய அரசின் அலைவரிசை உரிமப் பிரிவு) அனுமதியும் வேண்டும். டூப்ளெக்ஸர், கேபிள், டீசென்ஸ் பற்றிச் சொன்னவை அப்படியே பொருந்தும்.

பெட்டி கைக்கு வந்ததும் சேசிஸில் ஒட்டியிருக்கும் காம்பினேஷன் நம்பரையும், ஐகாம்களின் மேல் எழுதியிருப்பதையும், டூப்ளெக்ஸரின் மாடல் எண்ணையும் இங்கே எழுதுங்கள். எந்த ஸ்ப்ளிட், எந்த எல்.பி.ஐ. மேனுவல் என்று பார்த்துச் சொல்கிறேன். கிரிஸ்டல் கணக்கையும் ஒருமுறை சேர்ந்து சரிபார்த்துவிடலாம்.